நான்கு மணிக்கு நிறம் பார்ப்பதில்லை

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு வேலை நாளின் முதல் வரியும் வானத்தைப் பற்றியது. "காலை 9.40. மெல்லிய மேகம். சன்னலில் நேர்வெயில் இல்லை." அல்லது, "பிற்பகல் 2.20. கிழக்கே மலை மறைந்துவிட்டது. நிறுத்தினேன்." விவசாயம் செய்கிறவர்கூட இவ்வளவு எழுதமாட்டார். நான் ஈப்போவில், ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். வயது ஐம்பத்திரண்டு. திரவ மருந்துகளின் நிறத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று.

நிறம் பார்ப்பதற்கு மருந்து நூலில் தெளிவான முறை இருக்கிறது. தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குழாய்கள் வேண்டும்; எல்லாம் ஒரே அளவு, ஒரே கண்ணாடி. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் ஒப்பிடும் திரவம், இரண்டும் நாற்பது மில்லிமீட்டர் உயரம். வெள்ளைப் பின்னணியில் நிறுத்தி மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருக்க வேண்டும். அதுவும் நேர்வெயில் அல்ல, பரவிய வெளிச்சம். இந்தக் கடைசி விதியை எழுதியவர்கள் ஈப்போவின் மூன்று மணி வானத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து மலைகளில் மேகம் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் சன்னல் ஈயம் பூசியதுபோல் ஆகிவிடும்.

ஒப்பிடும் திரவங்களை நானே கலப்பேன். இரும்பு உப்பின் மஞ்சள், கோபால்ட் உப்பின் சிவப்பு, செம்பு உப்பின் நீலம்: இந்த மூன்றையும் வெவ்வேறு அளவில் சேர்த்து, நீர்த்த அமிலத்தால் படிப்படியாக நீர்க்கவைத்தால் வரிசை வரிசையாக நிறங்கள் கிடைக்கும். எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது பழுப்பு மஞ்சள் வரிசை. ஒன்றாம் எண் நன்றாகத் தடித்த நிறம். ஏழாம் எண் கிட்டத்தட்டத் தண்ணீர். ஐந்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலை பத்து மணிக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மழை இருட்டில், தலைக்கு மேல் குழல்விளக்கு எரிய, இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

இது எனக்குத் தெரியும். தயாரிப்புப் பிரிவுக்கும் தெரியும். அதனால் எங்கள் தொழிற்சாலையில் எழுதப்படாத ஒரு பழக்கம் உண்டு: சந்தேகமில்லாத மருந்தின் மாதிரி காலையில் வரும், சந்தேகமுள்ளது மூன்றரைக்கு மேல் வரும். யாரும் யாரிடமும் சொல்லிச் செய்வதில்லை. ஆனால் மூன்று வருட நாட்குறிப்பைப் புரட்டினால் அப்படித்தான் வந்திருக்கிறது.

இரண்டரை மணிக்கு மேல் நான் நிறம் பார்ப்பதில்லை. அதனால் எனக்கு 'வானிலை அக்கா' என்று பெயர். குடையை எடுத்துப் போவதா வேண்டாமா என்று என் மேசையில் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கேட்கட்டும். நான் சரியாகத்தான் சொல்வேன்.

அந்த வியாழக்கிழமை வந்தது வைட்டமின் சி ஊசிமருந்து. காற்று பட்டாலோ சூடு பட்டாலோ மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகப் போகும் சாமான் அது. வெளிச்சம் படாமலிருக்க அதைப் பழுப்புக் கண்ணாடி ஆம்பூலில் அடைக்கிறோம். அதே பழுப்புக் கண்ணாடி, உள்ளே மருந்து என்ன நிறத்தில் இருக்கிறது என்பதையும் மறைத்துவிடுகிறது. உடைத்து ஊசியில் இழுக்கும்வரை தாதிக்குக்கூடத் தெரியாது. ஐந்தாம் எண்ணைவிடத் தடித்த நிறம் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி.

மாதிரி வந்தபோது மணி 3.50. வெளியே மழை. வழக்கமாகக் கொண்டுவரும் பெண் வரவில்லை. தயாரிப்பு மேலாளரே பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திறமைசாலி, சிரித்த முகம்.

"அக்கா, இது ஒன்னு மட்டும் பாத்துக் குடுத்துடுங்க. லோரி கீழ நிக்கிது."

"காலையில பாக்கறேன்."

"காலையிலயா? ஆஸ்பத்திரிக்குப் போற சாமான்கா. நாளைக்குக் கண்டிப்பா போய்ச் சேரணும்லா."

"வானத்தப் பாருங்க."

"வானத்த எதுக்குப் பாக்கணும்? மருந்தப் பாருங்க." அவர் விளக்கைக் காட்டினார். "இவ்ளோ லைட்டு எரியுதே, பத்தலையா?"

"நூல்ல பகல் வெளிச்சம்னு போட்டிருக்கு."

"மணி நாலு. இதுவும் பகல்தான்."

என் பக்கத்து மேசையில் வேலை செய்கிற பெண் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். முப்பது வயது, ஈப்போ டவுனில் அவள் மாமனார் வீட்டாருக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நிறம் பார்ப்பதில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது. மேலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீயாச்சும் சொல்லும்மா. டீ கலரா வந்திருக்கு? லேசா ஒரு மஞ்சள். அவ்ளோதான்."

"டீ கலர்ல வந்தா எங்க கடையிலயே வித்திருப்போமே அண்ணே."

மேலாளரும் சிரித்தார். ஆனால் போகும்போது கதவருகில் நின்று சொன்னார்: "சபார்தான் அக்கா, பொறுத்துத்தான் போகணும், வேற என்ன பண்றது. இப்படியே மேகத்தப் பாத்துக்கிட்டே இருந்தா ஒரு நாளு தஞ்சோங் ரம்புத்தான்ல பெட்டு போட்டுருவாங்க."

அந்த ஊரின் மனநல மருத்துவமனையைச் சொல்லிக் கிண்டல் செய்வது பேராக்காரர்களுக்குப் பழக்கம். பெட்டிக்கு முத்திரை ஒட்டி, நேரம் எழுதி, இருட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாட்குறிப்பில் எழுதினேன்: "3.50. மழை. பார்க்கவில்லை."

வெள்ளிக்கிழமை காலை 9.45. மேகம் மெல்லியது, வெளிச்சம் சீராக இருந்தது. ஒப்பிடும் திரவங்களைப் புதிதாகக் கலந்தேன். ஆம்பூல்களை உடைத்து ஒரு குழாயில் சேர்த்து, ஐந்தாம் எண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். மருந்துதான் தடித்திருந்தது. குழாய்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் மருந்துதான். பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டேன். என் முடிவை அவளிடம் சொல்லவில்லை.

அவள் நெடுநேரம் குனிந்திருந்தாள். "ஒன்னுபோலத்தான்..." என்று தொடங்கினாள். பிறகு குழாயை லேசாக நகர்த்தினாள். "இல்லக்கா. இது ஜாஸ்திதான்."

"எழுது."

"சுசாலா அக்கா இது. பெரிய சுசா."

"கஷ்டந்தான். எழுது."

இருவரும் கையெழுத்துப் போட்டோம். விதிக்குப் பொருந்தவில்லை.

பரிசோதனைக்கூடத் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் புவான் என்று கூப்பிடுகிறவர். நேர்மையானவர், ஆனால் மேலேயும் கீழேயும் இழுபட்டுக் களைத்தவர். முறைப்படி முதலில் எங்கள் பக்கத்துத் தவறைத் தேடினார். திரவம் எப்போது கலந்தது, குழாய் எந்தப் பெட்டியிலிருந்து, எவ்வளவு உயரம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நேரத்தோடு பதில் இருந்தது. அப்போதுதான், கூட உட்கார்ந்திருந்த தயாரிப்பு மேலாளர் ஒரு கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். என் கண் பரிசோதனைச் சான்றிதழ். நிறம் பார்க்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். என்னுடையது இன்னும் மூன்று வாரத்தில் காலாவதியாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா," என்றார் தமிழில். பிறகு புவானுக்காக மலாயில் விளக்கினார்: ஐம்பது வயதுக்கு மேல் கண் வில்லையில் மஞ்சள் படியும், அப்படிப்பட்ட கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரியும், இவ்வளவு நிறையத் தயாரித்த மருந்தை அந்தக் கண்ணை நம்பிக் கீழே கொட்ட முடியுமா?

புவான் என்னைப் பார்க்காமல் முடிவு சொன்னார். திங்கட்கிழமை நான் கண்ணைச் சோதித்துவிட்டு வர வேண்டும். அதுவரை நிறம் பார்க்கக்கூடாது. தேறாவிட்டால் சன்னல் மேசை வேறொருவருக்கு. மறுபரிசோதனை திங்கட்கிழமையே நடக்கும். பக்கத்து மேசைக்காரியும் தயாரிப்புப் பிரிவிலிருந்து அனுப்பப்படும் ஒருவரும் பார்ப்பார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"நான்கு மணிக்கு," என்றார் மேலாளர். "எல்லாருக்கும் தோதான நேரம்."

அன்று சாயங்காலம் பக்கத்து மேசைக்காரி கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தாள். "அக்கா, எனக்கு கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது. நாலு மணிக்கு என்னா தெரியுமோ அதத்தான் எழுத முடியும். தெரியலன்னு எழுத அந்த ஃபாரத்துல எடம் இல்ல." அவள் சொன்னது உண்மை. அந்தப் படிவத்தில் பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று இரண்டே கட்டங்கள்.

நான் பிறந்தது ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தீம்பாரில், தோட்டத்தில். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அதைப்பற்றி எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரப்பர்ப் பால் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு வாளியிலும் ஒரு மிதக்கும் கண்ணாடிக் கோலை விட்டு, பாலில் எவ்வளவு தண்ணீர் என்று படிப்பார்; அதை வைத்துத்தான் கூலி. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பார். எண்ணைச் சொல்வார், கோலைத் துடைத்துவிடுவார். என் அம்மா ஒரு நாள், "நீங்க படிக்கறத நானும் பாக்கணும் ஐயா," என்று கேட்டாள். மறுநாள் முதல் அவளுக்கு மேட்டுக்காட்டில் கடைசி நிரை, ஏறிப் போகவே நேரமாகிற மர வரிசை. ஒரு வருடம் அங்கேதான் பாலுக்கு மரம் வெட்டினாள். அதற்குப் பிறகும் அவள் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. கிராணி பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் அவர் நின்றார் என்பதுதான் எனக்குத் தெரியும். நான்கு மணி என்றதும் எனக்கு அந்த முதுகு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை டவுனில் கண் மருத்துவக் கூடத்துக்குப் போனேன். சோதித்தவள் இளம் சீனப் பெண். புள்ளிகளுக்குள் எண் தேடும் படங்களில் தவறு வரவில்லை. அடுத்தது சிறிய நிற வில்லைகள். கலைத்துப் போட்டதை நிறத்தின் வரிசைப்படி அடுக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் அவள் தட்டைக் கவிழ்த்து எண்களைப் படித்தாள்.

நீலப் பக்கத்தில் இரண்டு வில்லைகள் இடம் மாறியிருந்தன.

இந்த வயதில் அது சகஜம், வேலைக்குத் தடையில்லை என்று மலாயில் சொன்னாள். சான்றிதழில் 'தகுதி' என்று எழுதினாள். இடம் மாறிய இரண்டையும் எழுதச் சொன்னேன். அவசியமில்லையே என்றாள். எழுதுங்கள் என்றேன். இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தாள்.

காரில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் மேலாளர் சொன்னதில் பாதி உண்மை. நீலத்தை மங்கவைப்பது மஞ்சள்தான்; என் கண்ணில் அது படியத் தொடங்கியிருக்கிறது. மஞ்சள் படிந்த கண்ணுக்கு என்ன நடக்கும் என்று யோசித்தேன். இரண்டு குழாயையும் நான் ஒரே கண்ணால்தான் பார்க்கிறேன். மஞ்சள் இரண்டின் மேலும் ஒரே அளவாகப் படியும். அதுமட்டுமல்ல, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இளமஞ்சளுக்கும் அதைவிடச் சற்றுத் தடித்த மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துதான் தெரியும், கூடித் தெரியாது. என் கண் பழுதென்றால் அது மோசமான மருந்தை நல்லது என்று விடுகிற பழுது. நல்லதை மோசம் என்று சொல்கிற பழுது அல்ல. அந்தக் கண்ணுக்கே இது தடித்துத் தெரிந்திருக்கிறது.

நாட்குறிப்பை எடுத்து இதை எழுதினேன். பிறகு காரை எடுத்தேன். ஜெலாப்பாங் வரும்போது கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன.

3.55க்குப் பரிசோதனைக்கூடத்தில் நுழைந்தேன். குழல்விளக்குகள் எல்லாம் எரிந்தன. பக்கத்து மேசைக்காரி குழாய்களுக்கு முன்னால் நின்றாள். புவான், மேலாளர், அவர் பிரிவிலிருந்து வந்த ஒருவர். சான்றிதழைப் புவானிடம் கொடுத்தேன்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு தப்பு போட்டிருக்கே அக்கா."

"ஆமா. நான்தான் எழுதச் சொன்னேன். உங்க தப்ப எப்ப எழுதறது?"

"என்னோட என்னா தப்பு?"

"இப்பப் பாத்துருவோம்." புவானிடம் மலாயில் கேட்டேன்: மறுபரிசோதனைக்கு முன்னால், ஏழு ஒப்பீட்டுத் திரவங்களையும் எண் மறைத்துக் கலைத்து வைக்கிறேன், இந்த அறையில் தன் கண் நல்ல கண் என்று நம்புகிறவர் யாராவது அடுக்கட்டும். அடுக்கிவிட்டால் மறுபரிசோதனை நடக்கட்டும். நான் மேசையை விட்டுப் போகிறேன்.

சொல்லிய பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. ஆனால் திரும்பப் பெறவில்லை.

புவான் குழாய்களின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த எண்களை வெள்ளைத் தாளால் மறைத்தார். அவரே கலைத்து வைத்தார். மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று விரைவாக வைத்தார். பிறகு வேகம் குறைந்தது. ஒன்றைத் தூக்கினார், வைத்தார், மறுபடியும் தூக்கினார். மழை சன்னலில் அடித்தது.

"வேற லைட்டு ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"லைட்டு பத்தும்னீங்களே அண்ணே," என்றாள் பக்கத்து மேசைக்காரி. சொன்னது அவள்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

முடித்தார். புவான் தாளைப் பிரித்துப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஐந்து, நான்கு. பிறகு ஏழு, ஆறு.

புவான் மறுபரிசோதனைப் படிவத்தை மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். நாளைக் காலை பத்து மணிக்கு என்றார். குழாய்களைத் தானே கலைத்து வைப்பதாகவும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை. 10.05. மெல்லிய மேகம், மலை முழுதாகத் தெரிந்தது. ஒப்பிடும் திரவங்களைப் பக்கத்து மேசைக்காரி புதிதாகக் கலந்தாள், நான் தொடவில்லை. இந்த முறை தட்டில் எட்டுக் குழாய்கள் இருந்தன. மேலாளர் எண்ணிப் பார்த்தார். "ஒன்னு கூட இருக்கே?"

அடுக்குங்கள் என்று மட்டும் சொன்னார் புவான்.

மேலாளர் உண்மையாகவே திறமைசாலி. காலை வெளிச்சத்தில் அவர் கை தடுமாறவில்லை. ஒவ்வொன்றையும் மேலிருந்து பார்த்து, பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, நகர்த்தி, நான் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தார். மூன்று நிமிடத்தில் எட்டும் வரிசையில் நின்றன. புவான் தாள்களைப் பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த குழாயில் எண் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழு.

எண் இல்லாத குழாய் எங்கள் வைட்டமின் சி. ஐந்தைவிடத் தடித்தது என்று தன் கையால் அவரே வைத்திருந்தார்.

அவர் அந்தக் குழாயைத் தூக்கி வைத்து மறுபடியும் மேலிருந்து பார்த்தார். "எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே அக்கா," என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா?"

படிவத்தில் மூன்றாவது பெயராக அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அவர் புவானைப் பார்த்தார். புவான் பேனாவை நீட்டினார்.

மருந்து போகவில்லை. எங்கே காற்று புகுந்தது என்று அடுத்த வாரம் கண்டுபிடித்தார்கள்: காற்றை வெளியேற்ற ஆம்பூலில் நைட்ரஜன் செலுத்தும் ஊசிகளில் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் மேலாளர்தான். அதை அவருக்குப் பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

சன்னல் மேசை என்னிடமே இருக்கிறது. பக்கத்து மேசைக்காரிக்கு கான்ட்ராக்ட் நீட்டித்தார்கள், ஆறு மாதத்துக்கு மட்டும். படிவத்தில் இப்போது மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது: வெளிச்சம் போதவில்லை. அவள்தான் அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

எனக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு வந்தது. கண் பரிசோதனை மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை. ஐம்பது தாண்டியவர்களுக்கு இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஐம்பது தாண்டியவள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். போகிறேன். போன மாதமும் போனேன். அதே இரண்டு வில்லைகள் இடம் மாறின. எழுதச் சொல்லி வாங்கி வந்து என் கையாலேயே கோப்பில் வைத்தேன், யார் திருப்பினாலும் முதலில் தெரிகிற பக்கத்தில்.

நேற்று 3.40க்கு ஒரு மாதிரி வந்தது. கொண்டுவந்தவர் வேறு ஆள், புதியவர். லோரி நிற்கிறது என்றார். நான் சன்னலைக் காட்டினேன். நாட்குறிப்பில் இருக்கிறது: "3.40. மேகம் தாழ்ந்துவிட்டது. பார்க்கவில்லை."